பாலத்துச் சுவரில் ஏழு சும்மாடு

போன வாரம் தேனி பஸ் ஸ்டாண்டில் எனக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரு மனஸ்தாபம். காரணம் ஒரு துண்டு. அதுவும் எங்கள் துண்டு இல்லை. கம்பம் வண்டி வந்து நிற்பதற்குள் யாரோ ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தார். கூட்டத்தில் முட்டி மோதி அவர் உள்ளே வந்தபோது அந்த இடத்தில் காலேஜ் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். துண்டு தரையில் கிடந்தது. "போட்ட துண்டத் தூக்கி எறிஞ்சுட்டா ஒக்காந்திருக்க?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பையன் திருதிருவென்று முழித்தான்.

நான் எழுந்து, "அந்தத் தம்பி எடுக்கலைங்க. முன்னால போன அம்மாவோட பை இடிச்சுத்தேன் விழுந்துச்சு. நான் பாத்தேன்" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். எழுபதைத் தாண்டியவன் சொன்னதால் அவர் சட்டையை விட்டார். என் சம்சாரம் கம்பம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. இறங்கிய பிறகு, "ஒங்களுக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று ஆரம்பித்து, வீடு வந்து சேரும் வரை நிறுத்தவில்லை.

ஒரு துணி இடம் மாறியதைப் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த ஒன்றை மட்டும் அவளிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் மேல் கோபப்பட்டாலும் எனக்கு மறுநாள் சோறு கிடைத்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வைகை அணையிலிருந்து ஆண்டிபட்டி வழியாகத் தேனி, தேனியிலிருந்து திரும்ப அணை. என் சொந்த ஊர் கெங்குவார்பட்டி. வீட்டில் நிலம் இருந்தது. ஆனால் எனக்கு மண்வெட்டியைக் கண்டால் முதுகு வலிக்கும். தோல் பையும் விசிலும் பெல்பாட்டமும் கிடைக்கிற வேலை என்றதும் ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டேன். என் விசில் மேல் எனக்கு அப்போது அபாரமான கர்வம். இரண்டு விரலை உதட்டில் வைத்தும் ஊதுவேன், விசிலை வைத்தும் ஊதுவேன். கையால் ஊதும்போதுதான் சத்தம் அதிகம் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான்.

ராத்திரி கடைசி டிரிப்போடு வண்டி அணையில் தங்கும். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் டிரிப். அங்கே இரண்டு ஊர் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அணைக்குக் கீழே பூங்கா, கோட்டர்ஸ், மல்லிகைப் பந்தல் போட்ட அதிகாரிகள் வீடு. அணைக்கு மேலே, தண்ணீர்க் கரையில், இருபது முப்பது கூரை வீடு. மீன்பிடிக்கிறவர்களின் குடியிருப்பு அது. மேட்டூர்ப் பக்கமிருந்து பரிசல் ஓட்டத் தெரிந்தவர்கள் சிலர், அணை கட்ட வந்த இடத்தில் அப்படியே தங்கிவிட்டவர்கள் சிலர். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. மறுகரை தெரியாத மழை நாளில் அந்தக் கரையில் நின்றால், இதுதான் கடல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு ராமேஸ்வரத்தில் நிஜக் கடலைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதில் தார் வாசனை இல்லை.

தார் வாசனை என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஐப்பசி பிறந்தால் அந்தக் கரையே தார் வாசனை அடிக்கும். மழைக்கு முன்னால் பரிசலின் அடியில் தார் காய்ச்சிப் பூசுவார்கள். அந்த வாசனையோடு ஈர வலையின் வாசனை, நனைந்த விறகு புகைகிற வாசனை. வருசநாட்டு மலையில் மழை இறங்கினால் இரண்டொரு நாளில் தண்ணீர் செம்மண் கலரில் வந்து சேரும். அதோடு வேரும் கிளையுமாக விறகு மிதந்து வரும். பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதை இழுத்துப் போடுவார்கள். அந்த வருஷம் முழுக்க அடுப்புக்கு அதுதான். ஆண்கள் பரிசலில் போவார்கள். புதுத் தண்ணீருக்கு மீன் எதிர்த்து ஏறும். கெண்டை, கெளுத்தி, விரால் என்று மற்ற மாதங்களில் ஒரு வாரம் பிடிப்பதை ஐப்பசியில் ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். பூங்காவுக்கு ஆள் வராத, கோட்டர்ஸ்காரர்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு இருமுகிற அந்த மாதம்தான் கரைக்காரர்களுக்கு நல்ல மாதம்.

பிடிப்பது ஆண்கள் என்றால் விற்பது பெண்கள். விற்கிற இடம் தேனி. தேனிக்குப் போகிற வழி எங்கள் வண்டி. இங்கேதான் சிக்கல். முதலாளியிடம் யாரோ ஒரு பட்டுவேட்டிக்காரர் மீன் நாற்றம் என்று புகார் சொல்லிவிட, ஒரு டிரிப்புக்கு ஆறு கூடைக்கு மேல் ஏற்றக் கூடாது, அதுவும் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. ஐப்பசியில் எழுந்து வருவது ஏழு பேர். ஏழாவது கூடை எட்டரை வண்டிக்குத்தான் வர வேண்டும். அதற்குள் தேனியில் சமையலே முடிந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் தினமும் அடிதடி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். வண்டி நிற்கிற இடத்தில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், அதற்கு முழங்கால் உயரத்தில் கட்டைச் சுவர். கூடை சுமக்கும்போது தலையில் வட்டமாகச் சுருட்டி வைக்கிற துணி இருக்கிறதல்லவா, சும்மாடு, அது ஆளுக்கு இரண்டு. புதுசு தலைக்கு. பழசு சுவருக்கு. இருட்டோடு எழுந்து, பரிசல் கரை சேருவதற்கு முன்னால் பாலத்துக்கு வந்து, பழைய சும்மாட்டைச் சுவரில் வைத்து, பறக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போவார்கள். முதலில் வந்தவர் சும்மாடு முதலில், அடுத்தவர் அதை ஒட்டி. பிறகு எல்லோரும் கரையில் மீன் பங்கு பிரிகிற இடத்தில் இருப்பார்கள். சுவருக்குக் காவல் கிடையாது. கூடையோடு மேலே வரும்போது சுவரில் இருக்கிற வரிசைதான் வண்டியில் ஏறுகிற வரிசை. துணி இல்லையென்றால் இடம் இல்லை. ஏழாவது ஆள் முணுமுணுக்காமல் மீன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுச் சுவரிலேயே உட்கார்ந்து, போகிற எங்களுக்குக் கை காட்டுவார். நான் பார்த்த ஆபீஸ்கள், ரேஷன் கடைகள், கோயில் வரிசைகள் எதிலும் அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

அந்த ஏழு பேரில் பேச்சியக்காவையும் ராமாயியக்காவையும் பிரித்துச் சொல்ல முடியாது. இருவரும் ஒரே வருஷம் அந்தக் கரைக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். பேச்சியக்கா உயரம், குரலும் உயரம். ராமாயியக்கா குட்டை, பேச்சில் நிதானம், ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. தேனியில் இருவருக்கும் ஒரே சாக்கு விரிப்பு, ஒரே அருவாமனை. பேச்சியக்கா கூவி விற்பார், ராமாயியக்கா மீனை அறுத்துக் கொடுப்பார். என்னை இருவரும் "விசிலுத் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கிழித்தவன் நான். பேச்சியக்கா ஒருநாள், "தம்பி, மூக்கப் பொத்துனா விசிலு எப்படி ஊதுவ?" என்று வண்டியே கேட்கும்படி கேட்டார். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து ஐப்பசியில், தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும், அப்போதுதான் இது நடந்தது. முந்தின நாள் ராமாயியக்கா ஏழாவது ஆளாகி எட்டரை வண்டிக்கு வந்து, பாதி மீனை அப்படியே திருப்பிக் கொண்டுபோயிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பேச்சியக்காவுக்கு முக்கியமான நாள். அவருடைய மூத்த மகளைப் போடியில் கட்டிக்கொடுத்திருந்தது. மகள் மாசமாக இருந்தாள். சம்பந்தி வீட்டில் அன்று உறவுக்காரர்களுக்கு விருந்து. "மீனு நான் கொண்டாரேன், ஒம்போது மணிக்கெல்லாம் ஒங்க வீட்டு அடுப்புல கொதிக்கும்" என்று பேச்சியக்கா வாக்குக் கொடுத்திருந்தார். மீன்காரி வீட்டுப் பெண் என்று அந்த வீட்டில் அவ்வப்போது ஒரு இளக்காரப் பேச்சு உண்டாம். அந்தப் பேச்சை மீனாலேயே அடைக்க வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். முந்தின நாள் சாயங்கால டிரிப்பில் ராமாயியக்காவிடம் அவர் இதைச் சொல்லிக்கொண்டு வந்தது என் காதிலும் விழுந்தது. அதனால் அன்று எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் சும்மாடாகத் தன்னுடையதை வைத்துவிட்டுக் கரைக்குப் போயிருக்கிறார்.

அன்று விடியக்காலை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியின் வைப்பர் எப்போதோ கையை விரித்துவிட்டது. டிரைவர் மொக்கைச்சாமி அண்ணன் அதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். புகையிலையைக் கசக்கி முன் கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தால் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். மடியிலிருந்த புகையிலையை என்னிடம் நீட்டி, "ஏலே, எதையாவது ஒரு துணிய எடுத்துத் தேய்ச்சு விடுலே" என்றார். வண்டிக்குள் தேடினேன், துணி இல்லை. கீழே இறங்கினால் பாலத்துச் சுவர். கைக்கு எட்டுகிற முதல் துணியை எடுத்தேன். நீலக் கட்டம் போட்ட பழைய சேலைத் துணி, பேச்சியக்காவுடையது.

அது என்ன துணி என்று தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். தெரிந்துதான் எடுத்தேன். ஒரு நிமிஷம் துடைத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தேய்த்து முடித்துப் பார்த்தால் துணி முழுக்கப் புகையிலைச் சாறு, காறித் துப்பின மாதிரி. இதை எப்படி மறுபடி வைப்பது, பேச்சியக்கா என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கரையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. டூல்ஸ் பெட்டியைத் திறந்து, ஜாக்கிக்கு அடியில் துணியைச் செருகி, மூடினேன்.

முதலில் மேலே வந்தவர் பேச்சியக்காதான். தலையில் கூடை, மழைக்குச் சாக்கை முக்காடு போட்டிருந்தார். சுவரைப் பார்த்தார். கல் கிடந்தது, துணி இல்லை. மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

"ஏடி ராமாயி, என் துணி எங்கன?"

"இங்கனதேன வச்சிருப்ப, பாரு."

"மொத துணியே ஒன் துணியாத்தேன் இருக்கு. நீ வைக்கையில என்னுது இருந்துச்சா, இல்லையா?"

ராமாயியக்கா யோசித்தார். அவருக்கு எதையும் யோசித்துத்தான் சொல்ல வரும். அன்று அது வினையாகிவிட்டது. "இருட்டுடி. நான் கவனிக்கல" என்றார்.

"கவனிக்கலையா? ஒட்டி வச்சவளுக்குக் கண்ணு தெரியலையா? நேத்து ஒன்னைய விட்டுட்டுப் போனதுக்கு இன்னைக்கு எனக்குச் செய்றியா?"

"என்ன பேச்சுடி பேசுற. நான் ஏன் ஒன் துணிய எடுக்கேன்?"

"எடுக்கலைன்னா என் மக வயித்துப் பிள்ள மேல சத்தியம் பண்ணு."

மழை சத்தத்தை மீறி அது எல்லோருக்கும் கேட்டது. ராமாயியக்காவின் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. கோபம் இல்லை, அடி வாங்கின முகம். "எங்கிட்ட சத்தியம் கேக்குற அளவுக்கு ஆயிருச்சா" என்றார். "அதெல்லாம் பண்ண மாட்டேன். நீ என் எடத்துல ஏறு. ஒனக்குத்தேன் இன்னைக்குப் போகணும். ஏறுடி."

"களவாண்ட எடத்துல நான் ஏற மாட்டேன்."

"அப்ப நானும் போகல."

ராமாயியக்கா கூடையை இறக்கிச் சுவரின் ஒரு முனையில் வைத்தார். பேச்சியக்கா மறுமுனையில் வைத்தார். மற்ற ஐந்து பேர் வரிசையாக ஏறினார்கள்.

நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். "நான்தான் எடுத்தேன் அக்கா" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பேச்சியக்கா என்னை நன்றாக ஏசியிருப்பார், தலையில் ஒரு குட்டு வைத்திருப்பார், ஏறியிருப்பார். அதிகபட்சம் அவ்வளவுதான். மொக்கைச்சாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை நோக்கிக் குனிந்து மெதுவாக, "சொன்னேன்னு வையி, அம்புட்டுப் பேரும் சேந்து முதலாளிட்டப் போயிருவாக. வேலைக்குச் சேந்து ஆறு மாசம் ஆகல. வாய மூடிக்கிட்டு விசில ஊதுலே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது புத்திமதி. அதைக் கேட்டுக்கொண்டது நான்.

விசில் ஊதினேன். ஊரே பேசுகிற விசில். வண்டி கிளம்பியது. கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் ஐந்து கூடைகள் இருந்தன. முதலாளியின் உத்தரவுப்படி இன்னும் ஒரு கூடைக்கு இடம் இருந்தது. தேனி வரைக்கும் அந்தக் காலியிடத்தை நான் பார்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தேன்.

பேச்சியக்கா எட்டரை வண்டியில் போய், தேனியில் வண்டி மாறி, போடி போய்ச் சேரும்போது மணி பதினொன்றுக்கு மேல் ஆகிவிட்டதாம். சம்பந்தி வீட்டில் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். வந்த மீனைச் சம்பந்தியம்மா விருந்தாளிகள் முன்னாலேயே, "பூனைக்கு ஆகும், கொல்லையில வையி" என்று சொன்னாராம். மகள் அடுப்படியில் நின்று அழுதாளாம். இதெல்லாம் மற்ற பெண்கள் மறுநாள் வண்டியில் கிசுகிசுத்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசி சீட்டில் இந்த ஓரம் பேச்சியக்கா, அந்த ஓரம் ராமாயியக்கா. நடுவில் நான்கைந்து பேர். "குத்தமுள்ள நெஞ்சு, அதுனாலதேன் அவளும் ஏறல" என்று பேச்சியக்கா யாரிடமோ சொன்னாராம். தேனியில் ராமாயியக்கா தனிச் சாக்கு விரித்தார். தனி அருவாமனை வாங்கினார். கூவி விற்க அவருக்கு வரவில்லை. மீனை முன்னால் வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதோடு நிற்கவில்லை. ஒரு துணி காணாமல் போனால் இன்னொன்றும் போகுமல்லவா. அடுத்த வாரமே ஒருவர் தன் சும்மாட்டுக்குக் காவலாகப் பிள்ளையை உட்கார வைத்தார். பிள்ளை தள்ளி வைத்துவிட்டான் என்று ஒரு சண்டை. கல்லில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டார்கள், அதற்கும் ஒரு சண்டை. மார்கழி முடிவதற்குள் சுவரில் துணி வைப்பதே நின்றுவிட்டது. அதற்கப்புறம் வண்டி வந்து நின்றதும் முண்டியடித்து ஏறுவதுதான். கூடை கவிழும், மீன் சேற்றில் விழும், நான் கத்துவேன். "ஒழுங்கா வரிசையில ஏறுங்க" என்று நானே கத்தியிருக்கிறேன். எனக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

சொல்ல முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை தேனியில் டீக்கடைப் பக்கம் பேச்சியக்கா தனியாக இருந்தார். "அக்கா, அன்னைக்கு அந்தத் துணி" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பேச்ச எடுக்காத தம்பி, எனக்கு நெஞ்செரியும்" என்று கையைக் காட்டிவிட்டார். நானும் பெரிய கடமை முடிந்த மாதிரி, சொல்ல வந்தேன், அவர்தான் கேட்கவில்லை என்று மனசுக்குள் சாட்சி எழுதிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு கம்பம் லைனுக்குப் போய்விட்டேன். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைக் கூடைகள் ஏறும். நல்ல வாசனை. எந்தப் பயணியும் புகார் சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஐப்பசி மழையில் கடைசி சீட்டைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. எண்பதுகளில் ஒருநாள் மொக்கைச்சாமி அண்ணனைப் பார்த்தபோது, பேச்சியக்கா இறந்து மாசக்கணக்கு ஆகிவிட்டது என்றார். வயிற்றில் கட்டியாம். எங்கள் பழைய வண்டியையும் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று அதே மூச்சில் சொன்னார்.

அதற்கப்புறம் அணைப் பக்கமே போகாமல் பல வருஷம் ஓட்டிவிட்டேன். கொரோனாவுக்கு முந்தின வருஷம், பேரப்பிள்ளைகள் பூங்கா பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்ததால் போனேன். அதுவும் ஐப்பசிதான். ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். வாய்க்காலைக் குழாய்க்குள் விட்டு மேலே தார் போட்டிருந்தார்கள். கரையில் கூரை வீடு ஒன்றுகூட இல்லை, தார் பூசிய பரிசலும் இல்லை. மீன் ஐஸ் பெட்டியில் வண்டியேறிப் போகிறதாம். பூங்காவுக்கு வெளியே வறுத்த மீன் விற்கிற தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. பேரன் மீன் கேட்டான். நாங்கள் நின்ற வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் குட்டையாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். அவருடைய மருமகள் வறுக்க, அவர் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். கை வேலை செய்த நிதானத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, என்னையத் தெரியுதா?"

உற்றுப் பார்த்தார். தெரியவில்லை. நான் இரண்டு விரலை உதட்டில் வைத்து ஊதினேன். பல் பாதி இல்லாததால் காற்றுதான் வந்தது. அதற்கே அவர் சிரித்துவிட்டார், நிறுத்தத் தெரியாத அதே சிரிப்பு. "விசிலுத் தம்பி" என்றார்.

பிள்ளைகளை மருமகளிடம் மீன் தின்ன விட்டுவிட்டு அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். எந்த முன்னுரையும் போடாமல் சொன்னேன். மழை, புகையிலை, நீலக் கட்டத் துணி, எல்லாம். அவர் மசாலா தடவுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் இரண்டு மீனுக்குத் தடவினார்.

"நீயா" என்றார்.

பிறகு அவராகவே பேசினார். "பேச்சி கெடையில கெடந்தா. கண்ண மூடுறதுக்குப் பத்து நா முந்தி நானாப் போனேன். போனா செவுத்துப் பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டா. 'இப்பவாச்சும் சொல்லுடி, எடுத்தியா இல்லையா'ன்னு கேட்டா. இல்லன்னு சொன்னா திரும்ப மாட்டா. அது எனக்குத் தெரியும். ஆமாடி, நாந்தேன் எடுத்தேன்னு சொல்லிட்டேன்."

அடுத்த மீனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒடனே திரும்பிட்டா தம்பி. 'இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே ஒன்னைய ஏத்திவிட்டுருப்பேனேடி'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. எங்கனடி போட்டன்னா. தண்ணியில விட்டேன்னேன். சிரிச்சா. பெறகு பத்து நாளும் என் கையாலதேன் கஞ்சி குடிச்சா. அந்தப் பத்து நாளும் நாங்க பேசாத பேச்சு இல்ல."

கையைக் கழுவி முந்தானையில் துடைத்தார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் பொய் சொல்லாமயே அவகூட இருந்திருப்பேன்" என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பத்து வருஷம் சேர்ந்து உட்கார்ந்து மீன் விற்க வேண்டிய இருவருக்கு நான் மிச்சம் வைத்தது பத்து நாள். அதையும் என் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டுதான் அவர் வாங்கியிருக்கிறார்.

"அவகிட்டத் தண்ணியிலன்னு சொன்னேன். நெசமா எங்கன போட்ட?" என்று கேட்டார்.

"டூல்ஸ் பெட்டியில."

"அது வண்டியில எங்கன இருக்கும்?"

"கடைசி சீட்டுக்கு அடியில அக்கா."

"எங்க சீட்டுக்கா?"

தலையை ஆட்டினேன்.

"எடுக்கலையா அப்புறம்?"

"இல்ல. வண்டிய ஒடைக்கிற வரைக்கும் அங்கனதேன் இருந்திருக்கும்."

அவர் பாலம் இருந்த திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அங்கே இப்போது சுவர் இல்லை.